இரும்பை வாசலில் வைத்துவிட்டு வா

நான் வேலை பார்க்கும் வார்டின் வாசலில், கதவுக்கு இடப்பக்கம், ஒரு சின்ன மரப்பெட்டி இருக்கிறது. ஆரஞ்சுப் பழம் வந்த பெட்டி. நான்தான் கொண்டுவந்து வைத்தேன். தினமும் காலையில் வேலைக்கு வந்ததும் சட்டைப்பையைத் துழாவி, சில்லறை, பேனாக்கத்தி, சாவிகள் எல்லாவற்றையும் அதில் போடுவேன். தெருவில் நடந்து வந்த ஷூவைக் கழற்றிவிட்டு, வாசலிலேயே வைத்திருக்கும் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொள்வேன். குனிந்து உள்ளங்கையைத் தரையில் ஒரு கணம் வைத்து எடுப்பேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போவேன். இங்கிலாந்தின் வடக்கே, பருத்தி ஆலைகளின் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கும் இந்த ஊருக்கு நான் வந்து எட்டு வருஷமாகிறது. எட்டு வருஷமும் இப்படித்தான். ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஒரு போர்ட்டர் முதல் வருஷமே என்னைப் பார்த்துவிட்டு, பிரார்த்தனை செய்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். எனக்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லேன் என்றார். அவருடைய இங்கிலீஷ் எனக்கு அப்போது பாதிதான் புரியும் என்பதால் சரி சரி என்று தலையாட்டி வைத்தேன். அந்த வாரம் அவருடைய கால்பந்து அணி ஜெயித்துத் தொலைத்துவிட்டது. இன்றுவரை, சனிக்கிழமை ஆட்டத்துக்காக, வெள்ளிக்கிழமையானால் மனிதர் தவறாமல் வந்து ஞாபகப்படுத்துகிறார்.

மேட்ரனுக்கு மட்டும் இது பிடிக்காது. மேட்ரன் என்றால் இங்கே ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கெல்லாம் தலைவி. இது ஒன்றும் உங்கள் கோயில் இல்லை மிஸ்டர் சீனி என்று ஒரு நாள் சொன்னார். கோயிலாக இருந்தால் செருப்பை மட்டும்தான் வெளியே விடுவேன், சில்லறை உள்ளே உண்டியலுக்குப் போகும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் பெட்டியை எடுக்கவில்லை.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு, முக்கியமாகச் சிவகாசிப் பக்கம் இருப்பவர்களுக்கு, நான் என்ன செய்கிறேன் என்று இந்நேரம் புரிந்திருக்கும். வெடிமருந்து கலக்கும் அறைக்குள் போகிறவன் செய்கிற வேலை அது. ஒரு பொறி பறந்தால் போதும் என்பதால் இரும்பு உள்ளே போகக் கூடாது, செருப்பு உள்ளே போகக் கூடாது, உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கத் தரையைத் தொட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். ஆனால் நான் ஒரு நாளும் மருந்து கலக்கியவன் இல்லை. நான் ஆண் நர்ஸ். ஒரு நர்ஸுக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் ஐம்பத்தேழாம் வருஷத்துக் காய்ச்சலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கப்பலில் வந்த காய்ச்சல் என்றுதான் அப்போது சொல்வார்கள். மெட்ராஸில் இறங்கியது, ரயிலேறி எங்கள் கரிசல் காட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஆனி, ஆடி மாதங்கள். சிவகாசியில் தீபாவளி சீசன் சூடு பிடிக்கிற நேரம். வடநாட்டு ஆர்டர்களுக்கு லோடு ஏற்ற வேண்டிய நேரத்தில் கம்பெனி கம்பெனியாக ஆட்கள் சுருண்டு படுத்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ்களிலேயே பாதிப்பேர் படுத்துவிட்டார்கள். வேறு வழி இல்லாமல்தான் எங்களை எடுத்தார்கள். மதுரையில் நர்ஸிங் படித்து முடித்துவிட்டு, யாரும் வேலை கொடுக்காமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்த ஆண்கள் நாங்கள். சிவகாசிக்கும் நாரணாபுரத்துக்கும் நடுவில் ஓர் அச்சாபீஸின் பேப்பர் குடோனைக் காலி செய்து, கட்டில்களைப் போட்டு, இதுதான் வார்டு, இனி உங்கள் பாடு என்று விட்டுவிட்டார்கள். டெம்பரரி வேலை.

எங்கள் ஊர் அச்சங்குளம். பருத்தியும் மிளகாய் வத்தலும் போட்ட சொந்தக் காடு எங்களுக்கு உண்டு, யாரிடமும் கைகட்டி நின்றதில்லை என்ற பெருமையும் உண்டு. வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் அப்பா முதலில் சந்தோஷப்பட்டார். என்ன வேலை என்று விவரமாகக் கேட்டார். நோயாளிக்கு மேல் துடைப்பது, வாந்தி பிடிப்பது, மலச்சட்டி எடுப்பது என்று நானும் ஒளிக்காமல் சொன்னேன்.

"படிக்க வச்சது எதுக்குலே, ஊரான் பீயள்ளவா?" என்றார். "இந்தக் கையோட என் வீட்டுப் படி ஏறாத."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போய்விட்டேன். வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் என் அரைஞாண் கயிற்றில் கிடக்கும். அதை அவிழ்த்து எறிந்துவிட்டுப் போகும் அளவுக்கு ரோஷம் இருந்தது, ஆனால் எறியவில்லை. படி ஏறக் கூடாது என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தால், சாவியை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா என்று ஒரு வீம்பு.

என்னோடு சேர்ந்தவன் ஹனீபா. விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்த குடும்பம். அவனுடைய அத்தா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மண்டிக்கு வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். மாப்பிள்ளைக்கு வெள்ளைக் கவுன் எப்போது தைக்கிறீர்கள் என்று கேட்பார்களாம். தைக்கிறபோது உங்களுக்கும் சேர்த்து அளவு எடுக்கிறேன் என்று ஹனீபா சொல்வானாம். அவன் வாய் அப்படி. பஸ்ஸில் கண்டக்டர்கூட எங்களைப் பார்த்தால், "நர்ஸம்மா ரெண்டு பேரும் முன்னால வாங்க" என்று கூப்பிடுவார். பஸ் முழுக்கச் சிரிக்கும். ஹனீபா எழுந்து எல்லோருக்கும் ஒரு சலாம் வைப்பான். எனக்கு அந்தப் பக்குவம் கிடையாது, நான் முறைப்பேன்.

வார்டில் முதல் நாளே தகராறு. வந்தவர்களில் பெரும்பாலோர் வெடி கம்பெனி ஆட்கள். தாயில்பட்டிப் பக்கத்து கம்பெனி ஒன்றிலிருந்து வந்த மாடசாமி என்பவரைக் கட்டிலில் கிடத்திவிட்டுத் திரும்பினேன். மறுபடி பார்த்தால் தரையில் கிடக்கிறார். தூக்கிக் கட்டிலில் போட்டேன். மறுபடியும் தரை. பக்கத்திலிருந்தவரும் தரை. கொஞ்ச நேரத்தில் அந்த வரிசை முழுக்கக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. சிமெண்டுத் தரையில் படுத்தால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும், அந்தக் காய்ச்சல் ஆளைக் கொன்றதே நெஞ்சுச் சளியில்தான். நான் கத்தினேன்.

"இரும்புல படுக்க மாட்டேன் சார்," என்றார் மாடசாமி. பல் கிட்டித்துக்கொண்டு நடுங்கியது. "மேலெல்லாம் மருந்து ஒட்டிக் கெடக்கு. பத்திக்கிருச்சுன்னா இங்கன அம்புட்டுப் பேரும் போயிருவோம்."

அவர் மேல் என்னவோ மினுமினுப்பாக இருந்ததை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அலுமினியப் பொடி. காதுமடல், கழுத்துச் சுருக்கம், நகக்கண் எல்லாம் வெள்ளி பூசியதுபோல் இருந்தது. காய்ச்சலில் நேராக மருந்து அறையிலிருந்து தூக்கி வந்திருக்கிறார்கள். நானும் ஹனீபாவும் வெந்நீர் வைத்து, ஒவ்வொருவராகத் துடைத்தோம். காய்ச்சல்காரன் மேல் தண்ணீர் படலாமா என்று அதற்கும் ஒரு சண்டை. துடைத்த சட்டித் தண்ணீர் வெள்ளி நிறமாகிவிட்டது. அப்படியும் அவர்கள் கட்டிலில் ஏற மறுத்தார்கள். பழகிய பயம், தண்ணீரில் போகுமா? கடைசியில் ஹனீபாதான் வழி கண்டுபிடித்தான். கட்டில் கம்பி தெரியாமல் எல்லாவற்றிலும் சாக்கு சுற்றினான். வாசலில் ஒரு மரப்பெட்டியை வைத்து, தன் சட்டைப்பைச் சில்லறையை எல்லோரும் பார்க்க அதில் போட்டான். பெல்ட்டைக் கழற்றிப் போட்டான். செருப்பை வெளியே விட்டான். குனிந்து தரையைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தான். நானும் சாவியை அவிழ்த்துப் போட்டுவிட்டு அதையே செய்தேன். மாடசாமி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானாக எழுந்து கட்டிலில் ஏறிப் படுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஏறினார்கள்.

அதிலிருந்து அதுவே வார்டின் சட்டமாகிவிட்டது. பெரிய டாக்டர் வந்தால்கூட, பெட்டியைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே ஷூவைக் கழற்றுவார். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கூட்டமாக உள்ளே புகுந்து நோயை வாரிக்கொண்டு போவதும் தானாகக் குறைந்துவிட்டது. கலக்கும் அறைக்கு இன்னொரு சட்டமும் உண்டு என்று மாடசாமி எங்களுக்குச் சொன்னார். உள்ளே இருக்கிறவன் சொல்வதுதான் அங்கே பேச்சு. முதலாளியே வந்தாலும் வாசலில் நின்று, வரலாமா என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவன் கூடாது என்றால் திரும்பிப் போக வேண்டும். கை நடுங்குகிற சமயத்தில் ஒருத்தன் குறுக்கே வந்து நின்றால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்தச் சட்டத்தில் விளையாட மாட்டார்கள்.

மாடசாமிக்குக் காய்ச்சல் இறங்க ஆரம்பித்த சமயத்தில் அவருடைய கம்பெனி போர்மேன் வந்தார். சுப்பையா அண்ணாச்சி என்பார்கள். தடித்த ஆள், தொண்டையும் அதற்கேற்ற மாதிரி. மெயின் ரோட்டில் லாரியை நிறுத்திவிட்டு விறுவிறுவென்று வந்தார். எதற்கு வந்தார் என்று வார்டுக்கே தெரிந்துவிட்டது. சிலர் போர்வையை இழுத்து மூடினார்கள். மாடசாமி எழுந்து உட்கார்ந்து, தலைத்துண்டைத் தேட ஆரம்பித்தார். அவருடைய கையைப் பார்த்தேன். தண்ணீர்த் தம்ளரை நேராகப் பிடிக்க முடியாத கை. அந்தக் கையோடு மருந்து அறைக்குப் போனால் அவர் மட்டுமா போவார், அக்கம்பக்கத்து அறைகளில் திரி வைத்துக்கொண்டிருக்கிற பெண்களும் சேர்ந்து போவார்கள். ஓடிப்போய் வாசலை மறித்து நின்றேன். ஹனீபாவுக்கு அன்று காய்ச்சல், அவனும் ஒரு கட்டிலில்தான் கிடந்தான். தனியாகத்தான் நின்றேன். பயமாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல என்ன வெட்கம்.

வாசல் வரை வேகமாக வந்தவர் பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றினார். இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை எடுத்துப் பெட்டியில் போட்டார். நானும் அவரும் ஒரு நொடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"மாடசாமிய அனுப்புங்க தம்பி," என்றார். "வடக்க போற லோடு நிக்கிது. உள்ள வரலாமா?"

"கூடாது," என்றேன்.

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. என்னைத் தள்ளிவிட்டு உள்ளே வர அவருக்கு ஒரு கை போதும். ஆனால் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை, பின்னால் யோசித்தபோதுதான் விளங்கியது. வார்டு முழுக்க அவருடைய ஆட்கள். அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடாது என்ற பிறகும் அவர் அந்த வாசலைத் தாண்டினால், நாளைக்கு எந்த மருந்து அறை வாசலில் நின்று எவனுக்கு அவர் சட்டம் பேச முடியும்? தான் சொல்லிக் கொடுத்த சட்டத்தைத் தானே மிதிக்க முடியாமல் மனிதர் நின்றார். அப்போது கட்டிலில் கிடந்த ஹனீபா, குரல் எழும்பாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணாச்சி, உள்ள மருந்து கலக்கிட்டிருக்கோம்," என்றான். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள், மாடசாமி உட்பட. அவர் தலைத்துண்டைக் கீழே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

சுப்பையா அண்ணாச்சி போகவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்துத் திரும்ப வாசலுக்கு வந்தார். "எப்பத்தான் விடுவீக?" என்று கேட்டார். கை நடுக்கம் நின்ற பிறகு என்றேன். அவர் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, தனக்கும் முந்தாநாளிலிருந்து குளிர் விட்டுவிட்டு அடிக்கிறது என்றார். மாடசாமிக்கு எதிர்க்கட்டிலில்தான் அவரைப் போட்டோம். அவருக்கு மேல் துடைத்தது நான்தான். அவருக்கு மலச்சட்டி எடுத்ததும் நான்தான். ஊரான் பீயை அள்ளினேன் அப்பா, ஒரு ஆள் வெடித்துச் சாகாமல் இருந்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

ஆள் ஏற்றிப் போக வந்த லாரி காலியாகத்தான் போனது, கம்பெனி முதலாளி மேலே புகார் செய்தார். அதற்கான பலன் எங்களுக்கும் வந்தது. காய்ச்சல் அடங்கியதும், நீங்களும் போகலாம் என்றார்கள். மற்றவர்களுக்காவது வேறு ஆஸ்பத்திரிகளில் இடம் கொடுத்தார்கள். எனக்கும் ஹனீபாவுக்கும், மேலிடத்தில் நல்ல பெயர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காய்ச்சல் காலத்தில் கையெடுத்துக் கும்பிட்டவர்கள் அவர்கள்தான். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அப்படியே இருக்கிறது, அதைக் குறைத்துக்கொள்ள எனக்கு எண்ணமும் இல்லை. ஹனீபா மண்டிக்குப் போனான். நான் அங்கேயும் இங்கேயும் அலைந்து, இங்கிலாந்தில் நர்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினேன். காய்ச்சல் கப்பலில் வந்தது, நான் கப்பலில் போனேன். விருதுநகர் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவன் ஹனீபா ஒருத்தன்தான்.

இந்த அறுபத்தொன்பது கடைசியில் இங்கேயும் அதே மாதிரி ஒரு காய்ச்சல். ஹாங்காங் ஃப்ளூ என்கிறார்கள். நர்ஸ்கள் பாதிப்பேர் படுக்கை. அவசர அவசரமாகப் புதிதாக ஆண்களை எடுத்திருக்கிறார்கள், ஜமைக்காவிலிருந்து ஒருவர், மொரீஷியஸிலிருந்து ஒருவர். இத்தனை வருஷமாக ஆண்கள் வார்டைத் தாண்டி விடாத என்னைப் பெண்கள் வார்டுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். ஆள் முடை வந்தால் எந்த ஊரிலும் நம் கை தேவைப்படும்.

பெண்கள் வார்டில் மிஸஸ் ஹாரிஸ் என்று ஒரு அம்மாள். வயதானவர், ஒற்றை நாடி உடம்பு, ஆனால் வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். இந்தப் பக்கத்தில் கடைக்காரர், பஸ் கண்டக்டர், முன்பின் தெரியாதவர் எல்லோருமே பேச்சுக்குப் பேச்சு 'லவ்' என்பார்கள். வந்த புதிதில் ஒரு காய்கறிக்காரப் பெண்மணி என்னை அப்படிக் கூப்பிட்டபோது உருளைக்கிழங்கைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கிறேன். அது நம் ஊர் 'தம்பி' மாதிரிதான் என்று பிறகுதான் தெரிந்தது. மிஸஸ் ஹாரிஸ் எல்லோரையும் லவ் என்பார், என்னைத் தவிர. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு மூச்சு இழுத்தது. அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகைத் தட்டிச் சளியை வெளியே கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அன்று காலை இருந்தது நான் ஒருத்தன்தான். கட்டிலருகே போனேன். அந்தக் கை என் மேல் படக் கூடாது, ஆண்பிள்ளை, அதுவும் கறுப்பன், என்றார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார், ஆனால் தெளிவாகச் சொன்னார்.

அச்சங்குளத்து வீட்டு வாசலில் கேட்ட அதே பேச்சு. பாஷைதான் வேறு. ஒரு நிமிஷம், செத்தால் சாகட்டும் என்றுகூட இருந்தது. வார்டை விட்டு வெளியே வந்துவிட்டேன். அன்று அவசரத்தில் ஆண்கள் வார்டுக்குப் போகாமல் தெருவிலிருந்து நேராக இங்கே ஓடி வந்திருந்தேன், காலில் தெரு ஷூ, சட்டைப்பையில் என்னென்னவோ இருந்தது. ஆண்கள் வார்டு வாசலிலிருந்து பெட்டியையும் கான்வாஸ் ஷூவையும் கொண்டுவந்து பெண்கள் வார்டு வாசலில் வைத்தேன். கோபத்தில் சில்லறையை உரக்கவே போட்டேன். சாவிகளைப் போட்டேன். ஷூவை மாற்றினேன். தரையைத் தொட்டேன். கட்டிலில் இருந்தபடியே அவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பப் போனதும், எந்த ஃபாக்டரி என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை, ஆஸ்பத்திரி என்றேன். அவர் எரிச்சலாகத் தலையை ஆட்டினார். விட்டுவிட்டுச் சொன்னார். யுத்த காலத்தில் அவர் வேலை பார்த்தது குண்டுகளுக்குள் மருந்து அடைக்கும் தொழிற்சாலையாம். வாசலில் ஒரு கட்டையைக் குறுக்கே போட்டிருப்பார்களாம். அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஹேர்பின்கூட வரக் கூடாது, தெருச் செருப்பு வரக் கூடாது. மருந்து பட்டு முகமும் கையும் மஞ்சளாகிவிடும், ட்ராமில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்களாம்.

நான் விடவில்லை. "பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒருவர் எழுந்து போனால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அப்படித்தானே மேடம்?" என்றேன்.

அவர் இருமினார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முதுகை எனக்குக் காட்டிப் படுத்தார். அதுதான் அனுமதி. புரட்டினேன், தட்டினேன், சளி வந்தது. அன்றும் அவர் என்னை லவ் என்று சொல்லவில்லை. இன்றுவரை 'ஏ மிஸ்டர்' தான். எனக்கு அது போதும். என் வேலைக்குக் கொஞ்சல் வேண்டியதில்லை, வழி விட்டால் போதும்.

நாலு வருஷத்துக்கு முன் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டு வாசலுக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. அப்பாவும் தங்கச்சியும் காட்டில் இருந்தார்கள் போலிருக்கிறது. சாவியைப் போட்டுத் திருப்பினேன், திறந்துகொண்டது. படி ஏறக் கூடாது என்று சொன்ன மனுஷன் அத்தனை வருஷமும் பூட்டை மாற்றவே இல்லை. சாயங்காலம் வந்த அப்பா என்னைப் பார்த்தார். தங்கச்சி இலை போட்டதும், "கையக் கழுவிட்டு உக்காரு," என்றார். நாளெல்லாம் கழுவுகிற கைதான் என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லியும் விட்டேன். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். அங்கேயே இருந்துவிடு என்று அவரும் சொல்லவில்லை, இருக்கட்டுமா என்று நானும் கேட்கவில்லை. லீவு முடிந்ததும் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இன்று காலை பனி கொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் வார்டு வாசலுக்குப் போனேன். ஜமைக்காக்காரரின் சிகரெட் லைட்டரும் மொரீஷியஸ்காரரின் மோதிரமும் பெட்டியில் கிடந்தன. நான் யாரிடமும் போடச் சொல்லவில்லை. மேட்ரன் அந்தப் பக்கமாகப் போனார், பெட்டியைப் பார்த்தார், பார்க்காததுபோல் போனார். நான் சட்டைப்பையைக் காலி செய்தேன். உள்ளே மிஸஸ் ஹாரிஸ் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் வாசலைக் காவல் காப்பது அவர்தான்.

பையில் ஒன்றும் இல்லையே என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வெளியே பெட்டியில், இந்த ஊர் வாடகை அறைச் சாவியும் அச்சங்குளத்து வீட்டுச் சாவியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.